வித்யாவின் உதட்டுக் காயம்

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் பனி, இப்போது சுள்ளென்று வெயில். பால்கனியில், கடலில் முங்கப் போடும் ரப்பர் சூட் அலசும் வேலை. என்னுடையது ஒன்று, வித்யாவுடையது ஒன்று. வாடகைச் சூட். உப்புப் போக அலசிக் கொடுக்க வேண்டும். எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் மணல் வந்துகொண்டே இருக்கிறது. கீழ்வீட்டுக் கொடித்துணி மேல் சொட்டுகிறதாம், சத்தம் போட்டார்கள். சூட்டை உள்பக்கமாக நகர்த்திப் போட்டேன்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கதி.

வித்யா என் நாத்தனார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ஸ்கூபா ஆசை என்னுடையது. ஆபீஸில் அந்தமான் கூட்டிப்போனார்கள், அங்கே ஒருவர் என் முதுகைப் பிடித்துக்கொண்டே கடலுக்குள் சுற்றிக் காட்டினார். அந்த போட்டோவை இன்னும் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதோடு விட்டிருக்கலாம். முறைப்படி கற்றுக்கொண்டு, பெயர் அச்சடித்த ஸ்கூபா சான்றிதழ் கார்டு வாங்குவேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். "தனியா அனுப்ப மாட்டேன், வித்யாவையும் இட்டுக்கினு போ" என்றார் செந்தில் (என் வீட்டுக்காரர், இனி செ.). அப்படித்தான் அவள் சேர்ந்தாள். எனக்குத் துணையாக.

இன்று கடலில் இறங்கியது இரண்டாம் முறை. ஈசிஆரில், மீனவக் குப்பம் தாண்டி, கல் கொட்டிய தடுப்புக்குப் பக்கத்தில். படகு கிடையாது, கரையிலிருந்து நடந்தே இறங்க வேண்டும். கோச் ரீட்டா முன்னால் போனாள், நானும் வித்யாவும் ஜோடியாகப் பின்னால். இரண்டு மூன்று ஆள் ஆழம். தண்ணீர் கலங்கல். நீட்டிய கையின் விரல் தெரியும், அதற்கு அப்பால் வெறும் பச்சை.

மாஸ்க் ஓரத்தில் முடி சிக்கியிருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறியது, மூக்கு வரை. எப்படி வெளியேற்றுவது என்று எனக்குத் தெரியும். மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊத வேண்டும், அவ்வளவுதான். நீச்சல் குளத்தில் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கியவள் நான். இன்று ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினேன். மண்டைக்குள் உப்பு. வாயில் வைத்திருந்த ரெகுலேட்டரில் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வரவில்லை என்று நானே முடிவு செய்து அதைத் துப்பினேன்.

பிறகு வித்யாவின் வாயில் இருந்ததைப் பிடுங்கினேன். சைகை காட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை. அப்படியே பிடுங்கினேன். என் முழங்கை அவள் வாயில் இடித்தது.

அவள் என்னைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. ஆபத்துக்கென்று மார்பில் மாட்டியிருக்கும் மஞ்சள் ரெகுலேட்டரை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். சிலிண்டர் மாட்டியிருந்த என் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்தாள். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினாள். என்னைப் பார் என்று அர்த்தம். பார்த்தேன். பார்த்தபடியே மெதுவாக மேலே கொண்டுவந்து சேர்த்தாள்.

கரையில் உட்கார்ந்த பிறகுதான் அவள் உதடு கிழிந்திருந்தது தெரிந்தது. "எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றாள் கோச். எல்லாருக்கும் நடக்குமா? வித்யாவுக்கு நடக்கவில்லையே.

இதுவரை நடந்ததற்குக்கூட மன்னிப்பு உண்டு. அதற்கப்புறம் நடந்ததுதான் சகிக்கவில்லை.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் சாப்பாடு. செ. பார்த்த உடனே கேட்டார். "இன்னா வித்யா, ஒதடு இப்டி வீங்கிக் கீது?"

வித்யா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மாஸ்க்ல தண்ணி போயி கொஞ்சம் பயந்துட்டா. நான்தான் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்தேன்."

யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக இருந்ததுபோல் வந்து விழுந்தது. வித்யா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரசத்தைக் கலக்கினாள். "ஆமாண்ணா" என்றாள்.

ரசம் உதட்டில் பட்டு எரிந்திருக்கும். முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங், மீட்டிங், மீட்டிங். என் உத்தியோகம் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. மற்றவர் செய்த தப்பு என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன்.

மத்தியானம் பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, மாஸ்க் மாட்டி, முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினேன். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் தலையைத் தூக்கிவிட்டேன். திரும்பவும் அதேதான். முப்பத்தேழு வயது. இஞ்சினியரிங் டிகிரி. பக்கெட்டைப் பார்த்துப் பயம்.

லிஃப்டில் மூன்றாவது மாடி அம்மா: "கடலுக்கெல்லாம் போறீங்களாமே மேடம், உங்க நாத்தனாரைக் காப்பாத்தினீங்களாம்! செந்தில் சார் சொன்னாரு." லிஃப்டுக்குள் இன்னும் இரண்டு பேர். சிரித்து வைத்தேன். தரைத்தளம் வருவதற்குள் வியர்த்துவிட்டது.

வாங்க வேண்டியவை: தோசை மாவு, பினாயில், குழாய்க்கு வாஷர், காதுக்குச் சொட்டு மருந்து.

சாயங்காலம் செ. வந்து சொன்னார். முரளி அண்ணாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. முரளி வித்யாவின் வீட்டுக்காரர். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. செ.யே போனில் சொல்லியிருக்கிறார், பெருமையாக, என்னைப் பற்றி. அந்தப் பக்கம் கேட்டவருக்குப் பெருமை வருமா?

"மாப்ளே ஒரே போடா போட்டுட்டாரு. இனிமே வித்யா கடல் பக்கம் போவக் கூடாதாம். புள்ளைங்க கீதுங்க, எதுனா ஆயிட்டா யாரு பாக்குறதுன்னு. நியாயம்தான?"

"இன்னும் ரெண்டு தடவை இறங்கினா கார்டு வந்துடும்ங்க அவளுக்கு."

"பயந்துட்டவளுக்கு கார்டு எதுக்கு?"

தோசை கருகியது. அதை நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

லீவ் போட்டேன். காரணம்: தலைவலி. உண்மையான காரணம்: ஆவடி.

வித்யாவின் துண்டும் டிபன் பாக்ஸும் என்னிடம் இருந்தன, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். பருத்திப்பட்டு வழியாக ஸ்கூட்டியில். குவார்ட்டர்ஸ் கேட்டில் காவலாளி யார் வீடு என்று கேட்டார். பெயர் சொன்னதும், "ஓ, கடல்ல பயந்துட்டாங்களே, அவங்க ஊடா?" என்றார். கேட் வரைக்கும் வந்துவிட்டது. அவர் தப்பாகச் சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் சொன்னார்.

வித்யா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். உதட்டில் பொருக்கு கட்டியிருந்தது. சூடாக இரண்டு முறுக்கு தட்டில் வைத்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நீ ஏன் அன்னிக்கு உண்மையைச் சொல்லலை?"

"எப்டி அண்ணி சொல்றது? நீங்க சொன்ன பின்னாடி நான் இல்லைன்னா, அண்ணன் எதுர்ல ஒங்க பேரு இன்னாவறது?"

"உன் பேர்?"

"என் பேருக்கு இன்னா. நான் பயப்படுவேன்னு எல்லாரும் ஏற்கெனவே நம்பிக்கினுதான கீறாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

முரளி அண்ணாவிடம் சண்டை போட்டாயா என்று கேட்டேன். போடவில்லையாம். கார்டு வந்தால் எங்கே வைப்பது என்று யோசித்து வைத்திருந்தாளாம். ஹாலில் டிவிக்கு மேலே, பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைகள் இருக்கும் தட்டில். கோப்பைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம்கூட விட்டிருக்கிறாள். பார்த்தேன். உள்ளங்கை அகல இடம், துடைத்து வைத்திருந்தது.

"கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் என் பேரு பிரிண்ட்டுல வந்ததே கெடையாது அண்ணி. அதான் ஒரு ஆச. வுடுங்க."

விடுங்க என்று அவள் சொன்னதும் நானும் விட்டுவிட்டேன். அங்கேயே, அப்போதே, முரளி அண்ணா வரும்வரை உட்கார்ந்திருந்து சொல்லியிருக்கலாம். ஷிஃப்ட் முடியும் நேரம்தான். ஆனால் அவர் வண்டிச் சத்தம் கேட்பதற்குள் கிளம்பினேன், "மழை வர்ற மாதிரி இருக்கு" என்று. பிப்ரவரியில் மழை!

வழியெல்லாம் வெட்கம். ஹெல்மெட்டுக்குள் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். செ.யிடம். சாப்பிட்டு முடித்ததும், டிவியை நிறுத்திவிட்டு.

"அன்னிக்குக் கடல்ல பயந்தது வித்யா இல்லைங்க. நான். அவ வாயில இருந்ததைப் பிடுங்கினேன். அவதான் என்னை மேல கொண்டுவந்தா. அவ உதடு கிழிஞ்சது என் முழங்கை பட்டு."

எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். கத்துவார், பேசாமல் இருப்பார், வித்யாவுக்கு உடனே போன் போடுவார். இதற்கு மட்டும் தயாராக இல்லை. சிரித்தார்.

"நீ திருந்தவே மாட்ட சுமி. அந்த ஸ்கூட்டர் மேட்டர்லயும் இப்டிதான?"

ஸ்கூட்டர் மேட்டர்: வித்யாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு. செ. புதிதாக வாங்கிய ஸ்கூட்டரை அவள் கேட்டில் கொண்டுபோய் மோதினாள், முன்பக்கம் நொறுங்கியது. நான்தான் ஓட்டினேன் என்று மாமனாரிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம் அவள் தோழிகளோடு சினிமாவுக்குப் போய் நேரம் கழித்து வந்தபோது, நான் அனுப்பிய வேலைக்குப் போனாள் என்றேன். வித்யா செய்ததையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ளும் அண்ணி என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர். விசேஷ வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் அதில் உள்ளூர ஒரு குளிர்ச்சி உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

"சத்தியமா நான்தாங்க."

"சரி சரி, நீதான். அவ கடலுக்குப் போணும்ன்றதுக்காவ சொல்ற, புரியுது. ஆனா இது ஸ்கூட்டர் இல்ல, உசுரு மேட்டரு."

அத்தோடு விட்டாரா? உடனே போனை எடுத்து முரளி அண்ணாவுக்குப் போட்டார். "மாப்ளே, எங்க ஊட்டுக்காரம்மா இன்னா சொல்லுது தெரிமா? பயந்ததே அதுதானாம்!" அந்தப் பக்கம் முரளி அண்ணா சிரிப்பது எனக்குக் கேட்டது. "அது அப்டித்தான் மச்சான். வித்யாவ எப்ப வுட்டுக்குடுத்துது?"

பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் இன்னும் ஒரு படி உயர்த்தி வைக்கிறார்கள். பொய்யைவிட இது மோசமாக இருக்கிறது. எழுந்து பாத்திரம் தேய்த்தேன். நாளை வேலைக்கார அம்மா வந்து தேய்க்க வேண்டிய பாத்திரம் எல்லாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அபார்ட்மெண்ட் நீச்சல் குளம். காலையில் கூட்டமில்லை. வித்யா வந்திருந்தாள். கடலுக்குத்தான் தடை, அண்ணி வீட்டுக்கு இல்லையே.

குழந்தைகள் பக்கம். இடுப்பளவுத் தண்ணீர். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் ஆரம்பித்தாள். மாஸ்க் இல்லாமல், ஸ்நார்க்கல் குழாயை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு முகத்தை உள்ளே விட வேண்டும். மூக்கு தண்ணீரில் திறந்தே இருக்க, வாயால் மூச்சு விட வேண்டும். இதுதான் எனக்கு வராதது. தண்ணீருக்குள் மூக்கும் வாயும் எனக்கு ஒன்றாகிவிடுகின்றன.

"கண்ண மூடாதீங்க அண்ணி. மூடிக்கினா பயம் பெர்சா தெரியும்."

முதல் தடவை இருமல். அடுத்தது இருமலும் கண்ணீரும். தினமும் வாக்கிங் போகும் ரிட்டயர்டு பேங்க் சார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னம்மா, கடல் ராணி குழந்தைங்க பக்கம் நிக்குது?" என்றார். நல்ல மனுஷர்தான், கேலிதான். எனக்குத் தண்ணீருக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. அதனால் உண்மையிலேயே போய்விட்டேன். முகத்தை உள்ளே விட்டு, அவர் போகும்வரை எடுக்கவில்லை.

அப்போதுதான் மூச்சு வந்தது. வாயால் உள்ளே, வாயால் வெளியே. குழாயில் ஊர்ர் ஊர்ர் என்று சத்தம். மூக்கில் தண்ணீர் குறுகுறுத்தது, ஏறவில்லை. நீல ஓடுகள், வித்யாவின் கால் மெட்டி, யாரோ விட்டுப்போன கிளிப். எல்லாம் மங்கலாக.

எழுந்து பார்த்தேன், வித்யா முகமெல்லாம் சிரிப்பு. பொருக்கு இழுத்து வலித்திருக்கும், உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் படியேறி வீட்டுக்கு வரும்வரைதான். நான் இடித்த வாயால் அவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். அவளுக்குக் கடல் இல்லை, எனக்கு உண்டு. அவளை நேராகப் பார்த்து, "உங்க அண்ணன்கிட்ட சொன்னேன், நம்பலை" என்றேன்.

"தெரியும். எங்க ஊட்டுக்காரரு வந்து சொல்லிச் சிரிச்சாரு. நானும் சொன்னேன் அண்ணி, அண்ணி சொல்றது நெசம்னு. அண்ணியும் நாத்தனாரும் பேசி வெச்சிக்கினீங்களான்றாரு."

இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு பாதியில் நின்றது.

பிப்ரவரி 18, புதன்

தண்ணி லாரி வரவில்லை. அசோசியேஷன் குரூப்பில் சண்டை. பூந்தமல்லியில் பிரியாணி வாங்கி வந்தார் செ., முட்டை வைக்க மறந்துவிட்டார்கள், அதற்கு ஒரு புலம்பல்.

பக்கெட் பயிற்சி: மாஸ்க்கைத் தூக்கி, தண்ணீர் விட்டு, ஊதி வெளியேற்றியாயிற்று. பக்கெட்டில். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சாதனை.

கோச் ரீட்டா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கடல் நன்றாக இருக்குமாம், வருகிறீர்களா என்றாள். வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது. சொல்லி நம்பாதவர் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்?

செ.யிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை நீங்களும் கரைக்கு வர்றீங்களா? நான் இறங்குறதைப் பாக்கலாம்."

"ஓ! போட்டோ எடுக்கவா? வரேன் வரேன்."

வித்யாவும் வருகிறாள். என் பையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார முரளி அண்ணா அனுமதி கொடுத்திருக்கிறாராம். கரையில் மட்டும்.

நன்றாக இறங்கிவிட்டால் என்ன செய்வது? அது ஒரு புதுக் கவலை. பயப்படாமல் இறங்கிவிட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பயந்தால் மானம் போகும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் பிள்ளையாருக்கு விளக்கு வைத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

விடிவதற்குள் கிளம்பினோம். பனி. நசரத்பேட்டை சர்வீஸ் ரோட்டில் முரளி அண்ணா பைக்கில் வித்யாவைக் கொண்டுவந்து விட்டார். மங்கி குல்லா, கையில் தூக்கு. எனக்கென்று அவர் வீட்டுச் சுக்குக் காப்பி. "பாத்துப் போய்ட்டு வாம்மா. ஒன்னை நம்பித்தான் அனுப்பறேன் இவள." அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவுட்டர் ரிங் ரோடு முழுக்க மடியில் சுட்டுக்கொண்டே வந்தது.

கடல் நன்றாகத்தான் இருந்தது. சின்ன அலை. வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர். செ. மணலில் கால் அகட்டி நின்று போனைத் தயாராக வைத்திருந்தார்.

சூட், பெல்ட், சிலிண்டர். கோச் என் பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தாள், நான் அவளுடையதை. இடுப்பளவில் நின்று காலில் துடுப்பு மாதிரி ஃபின்ஸ் மாட்டி, முதுகைக் கடலுக்குக் காட்டிப் பின்னோக்கி நடக்க வேண்டும். அப்படி நடக்கும்போது கரை முழுசாகத் தெரியும். செ. தெரிந்தார், கையை ஆட்டினார். வித்யா தெரிந்தாள், என் பையை மடியில் வைத்துக்கொண்டு.

ஒரு அலை. பெரியதும் இல்லை. முதுகில் தட்டியது, உட்கார்ந்துவிட்டேன். முகத்தில் தண்ணீர். அவ்வளவுதான், மறுபடியும் அதே. ரெகுலேட்டரைத் துப்பினேன். கோச் கையை நீட்டினாள், அந்தக் கையைப் பிடித்து அவள் மேல் ஏறப் பார்த்தேன். நெஞ்சளவுத் தண்ணீர்! எழுந்து நின்றால் தலை வெளியே இருக்கும். நிற்கத் தோன்றவில்லை. "அம்மா" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு ஞாபகமில்லை, செ. பிறகு சொன்னார்.

அவர் பேண்ட்டோடு ஓடி வந்தார். அவரையும் உதைத்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி போயே போய்விட்டது.

அப்போது யாரோ என் ஜாக்கெட் பட்டையைப் பிடித்தார்கள். சுடிதாரோடு வித்யா. துப்பட்டா தண்ணீரில் மிதந்தது. இரண்டு விரல், அவள் கண். "என்னைப் பாருங்க அண்ணி." பார்த்தேன். "ஊதுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். அவ்ளோதான், ஒண்ணும் இல்ல." ஊதினேன். கால் தரையில் பட்டது. நின்றேன்.

செ. இடுப்பளவுத் தண்ணீரில், கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். வித்யாவின் கையை. என் பட்டையை. அவள் உதட்டில் மிச்சமிருந்த தழும்பை. என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை.

"அன்னிக்கும் இப்டித்தானா?" என்றார். என்னிடம் இல்லை, தங்கையிடம்.

வித்யா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"ஆமாண்ணா. இதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுக்குக் காப்பி குடித்தேன். கோச் அவசரப்படுத்தவில்லை. செ. தள்ளி நின்று பேண்ட்டைப் பிழிந்தார். கோபமா, சிரிப்பா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, கோச்சிடம், "மேடம், இன்னொரு செட்டு கீதா?" என்றார். வண்டியில் இருந்தது. வித்யா எழுந்து நின்றுவிட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சா, ண்ணா?"

"அத நான் பாத்துக்கறேன். நீ போ. இவளையும் இட்டுக்கினு போ, வந்தா."

வந்தா. அந்தச் சொல் சுருக்கென்றது. போனேன். தைரியம் வந்ததால் இல்லை. மணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிடத் தண்ணீர் தேவலாம் போலிருந்தது.

இந்தத் தடவை வித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நடந்தோம். தலை முங்கியதும் அதே படபடப்பு. கண்ணை மூடவில்லை. ஒரு ஆள் ஆழத்தில் மணலில் முட்டி போட்டோம். கோச் மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். காத்திருந்தாள். வித்யாவும் காத்திருந்தாள். சரி என்று நானே ஓரத்தைத் தூக்கித் தண்ணீரை விட்டேன். ஊதினேன், பாதி போனது. மறுபடி ஊதினேன், மீதியும் போனது. எதிரே வித்யாவின் கண்கள் தெளிவாகத் தெரிந்தன. வேறு ஒன்றுமில்லை, கலங்கல் பச்சை, ஒரு ஒற்றை ரப்பர் செருப்பு, அதற்குள் ஒரு குட்டி நண்டு. அந்தமானில் பார்த்த வண்ண மீன் எதுவும் இங்கே கிடையாது. அந்த நண்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது போதும். மேலே போகிறேன் என்று காட்டினேன். இடுப்பளவு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அவர்கள் இருவரும் திரும்பினார்கள், கல் தடுப்புப் பக்கம், ஆழத்துக்கு. நான் தவழ்ந்தபடி கரையேறினேன்.

செ. பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் மேல் இரண்டு இடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. "அதுல வித்யா எது?" என்றார். தெரியவில்லை என்றேன்.

"நீ ஏன் சுமி அன்னிக்கு அப்டி சொன்ன?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இப்பவும்."

போனை எடுத்தார். முரளி அண்ணா. ஸ்பீக்கரில் போட்டார். "மாப்ளே, வித்யா தண்ணியில கீறா. நான்தான் அனுப்பினேன். இரு, கத்தாத, கேளு. அன்னிக்கு பயந்தது ஒங்க ஊட்டுக்காரம்மா இல்ல, எங்க ஊட்டுக்காரம்மா. நான் கண்ணால பாத்துட்டேன்."

"இன்னா மச்சான்? ஒண்ணும் கேக்கல, ஒரே காத்து சத்தம்."

செ. எழுந்து நின்று திரும்பவும் கத்தினார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு பயந்தது? வித்யாவா?"

நான் போனை வாங்கினேன். ஈரக் கை, வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை சத்தமாக, "நான் முரளி அண்ணா. நான். சுமதி. நான்தான் பயந்தேன்" என்றேன்.

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சும்மா" என்றார். சிரிக்கவில்லை.